தோட்டம் செழித்தது, தொண்டை நனையவில்லை: 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டும் வீடியோவும்

போன அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் ரேடியோ செட் கட்டியிருந்தார்கள். மணிமுத்தாறுக்குப் பக்கம்தான் எங்கள் ஊர். வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், கோவில் வாசலில் இரண்டு பெரிய பாக்ஸ், அதற்குக் கீழே இடுப்பு உயரத்துக்கு பேஸ் அடிக்கிற சப்வூஃபர். சாயங்காலம் சாமி பாட்டெல்லாம் முடிந்து பையன்கள் கேட்ட பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. பையன்கள் ஆடினார்கள். பாதியை ஒட்டி ஆட்டம் அடங்கி அழுகை ஏறுகிற இடம் ஒன்று வரும் அல்லவா, அந்த இடத்தில் செட்காரத் தம்பி அடுத்த பாட்டுக்கு மாற்றிவிட்டான். ஆடுகிறவர்கள் நின்றுவிடக் கூடாதென்று நினைத்திருப்பான். சமையல் பந்தலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மை எழுந்து போய், "எய்யா, அந்தப் பாட்டை ஏன் நிப்பாட்டின? கடைசி வரைக்கும் போடு. இன்னொரு மட்டம் மொதல்ல இருந்து போடு" என்று சொன்னாள். முப்பது வருடத்துக்கு மேல் நாலுமுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் அவள். மலையை விட்டு இறங்கி எங்கள் தெருவில் வாடகைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

அன்றைக்குத்தான் இந்தப் பாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. 2021 மார்ச் 7-ஆம் தேதி வந்த பாட்டு, இத்தனை வருடம் கழித்து எதற்கு என்று கேட்பீர்கள். வந்த புதிதில் எல்லாரும் எழுதினார்கள், நானும் நண்பர்களுக்கு அனுப்பி 'செமயா இருக்கு' என்று இரண்டு வார்த்தை போட்டதோடு சரி. கொரோனா சமயம், வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்கள், போனில்தான் கேட்டோம், போனில்தான் பார்த்தோம். ஒரு பாட்டு எப்படிப்பட்டது என்பது அந்த வேகம் எல்லாம் அடங்கின பிறகுதான் தெரிகிறது.

முதலில் விவரம். பாடியவர்கள் தீயும் அறிவும். வரிகள் அறிவு. இசை சந்தோஷ் நாராயணன். வீடியோவை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். மாஜா என்ற சுயாதீன இசைத் தளத்தின் பெயரில், ஏ.ஆர்.ரஹ்மானின் ஆதரவோடு வந்தது. சினிமாவுக்காகச் செய்த பாட்டு இல்லை, கதாநாயகன் கிடையாது, படத்தின் விளம்பரம் கிடையாது, அப்படி இருந்தும் யூடியூபில் 40 கோடிப் பார்வையைத் தாண்டியது. நம் ஊரில் தனிப்பாட்டு என்றால் காதல் தோல்வி, பைக், கடற்கரை என்று இருந்த நேரத்தில் களை வெட்டுகிற தாத்தாவைக் கூப்பிட்டுத் தொடங்குகிற ஒரு பாட்டு இவ்வளவு தூரம் போனது. இது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

சரி, பாட்டுக்கு வருவோம். முதல் குரல் தீயுடையது. 'ரவுடி பேபி' பாட்டில் கேட்ட அதே குரல்தான், கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மூக்கு, வார்த்தையை முழுதாகக் கடிக்காமல் விடுகிற பாங்கு. குயில் மாதிரிக் கூவிக் கூவி ஒவ்வொன்றையும் யார் எவர் என்று விசாரிக்கிறது அந்தக் குரல்: பொந்துக்குள் இருக்கும் மீன்கொத்தி, முட்டை போடும் கோழி, மயில், பாசி, குச்சி அடுக்கிக் கட்டின கூடு. சின்னப் பிள்ளைகள் விடுகதை போடும் முறை இது. அவர் உச்சரிப்பைப் பலர் குறை சொன்னார்கள், களை வெட்டி என்பது என்னவென்று எனக்கும் நாலைந்து தடவை கேட்ட பிறகுதான் பிடிபட்டது, அது குறைதான். ஆனால் தொண்டை சுத்தமான ஒரு சினிமாப் பாடகி இதைப் பாடியிருந்தால் பள்ளிக்கூட ஆண்டு விழாப் பாட்டு ஆகியிருக்கும். அந்தக் கரகரப்பில் ஒரு காட்டுத்தன்மை இருக்கிறது, அதுதான் பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது.

அப்புறம் அறிவு வருகிறார். இவரைக் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக் குழுவில் இருந்தே கேட்டு வருகிறேன், 'தெருக்குரல்' தொகுப்பையும் கேட்டிருக்கிறேன். அங்கெல்லாம் கோபம் முன்னால் நிற்கும். இங்கே கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரி பாடுகிறார். ராப் என்று சொல்கிறார்கள், எனக்கு அது எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டில் புலவர் கதையை வேகமாக ஓட்டுகிற இடம் மாதிரியே கேட்கிறது. வில்லில் வீசுகோல் விழ விழ, குடம் அடி போட, சொற்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வரும், மூச்சு விடுகிற இடத்தில் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்று பிடித்துக்கொள்வார். இந்தப் பாட்டில் தீயும் அறிவும் மாறி மாறி எடுத்துக் கொடுப்பதும் அந்த ஒழுங்குதான்.

பேஸ் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போனில் கேட்டவர்களுக்குப் பாதிப் பாட்டு போய்ச் சேரவே இல்லை. போன் ஸ்பீக்கரில் மேலே இருக்கும் தட்டலும் குரலும் மட்டும்தான் வருகிறது. கொடையன்று சப்பில் கேட்டபோது கீழே ஒரு கனத்த அடி மண்ணில் இறங்கி நடப்பது தெரிந்தது, காலில் வந்து தொட்டது. அதற்கு எதிர்ப்பக்கம், வேப்பமரத்துக் குழாயில் பேஸே கிடையாது, ஆனால் அறிவின் வல்லெழுத்துகள் ஒவ்வொன்றும் வயக்காடு தாண்டிக் கேட்டன. பெட்டியில் ஒரு பாட்டு, குழாயில் ஒரு பாட்டு, இரண்டும் நன்றாக இருக்கிறது என்றால் அதைக் கலந்து செய்தவர் கைகாரர். நல்ல ஹெட்போனாவது போட்டுக் கேளுங்கள்.

வரிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, அவை சாமான்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு போவது. கருப்பட்டி, ஊதாங்கோல், மண்சட்டி. உவமை, வருணனை எதுவும் இல்லாமல் அடுப்படியில் கிடக்கிறதை அப்படியே எடுத்து வைக்கிறார், அடுத்த வரியில் ஆற்றங்கரையில் கூடு கட்டித்தான் நாகரிகமே ஆரம்பித்தது என்கிறார். தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைச் சின்ன வயதில் இருந்து கேள்விப்பட்டுத்தான் வளர்ந்தோம். இந்தப் பாட்டு வந்த அதே 2021-இல், செப்டம்பர் மாதம், சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு 3,200 வருட வயது என்று சட்டசபையில் அறிவித்தார்கள். அந்த நெல்லை விளைவித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. அவன் வீட்டு அடுப்படியிலும் மண்சட்டி இருந்திருக்கும். அந்த ஆளைப் பற்றித்தான் இந்தப் பாட்டு என்று எனக்குத் தோன்றும்.

எஞ்சாமி என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆச்சிமார் பேரனைச் சாதாரணமாக "எய்யா" என்பார்கள், மனம் இளகிவிட்டால், காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைத் தடவிக் கொடுக்கும்போது, "எஞ்சாமி" என்பார்கள். அதே சொல்லை வயலில் கூலிக்கு நிற்கிறவன் நிலக்காரரைப் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறான், "சாமி". ஒரே சொல்லுக்குள் கொஞ்சலும் இருக்கிறது, கும்பிடும் இருக்கிறது. அதன் முன்னால் 'என்ஜாய்' என்று ஓர் இங்கிலீஷ் சொல்லை ஒட்டவைத்ததைச் சிலர் ஒலிப் பொருத்தத்துக்காகச் செய்தது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கும்பிட்டு நின்றவனின் பேரன் வந்து, எல்லாரும் ஒன்றாக வாருங்கள், இது எல்லாருக்கும் பொது, அனுபவியுங்கள் என்று கூப்பிடுகிறான். சொல்லைத் திருப்பிப் போட்டுவிட்டான்.

இனி அந்த இடம். செட்காரத் தம்பி நிறுத்திய இடம்.

அஞ்சு மரம் வளர்த்தேன், அழகான தோட்டம் வைத்தேன், தோட்டம் செழித்தது, ஆனால் என் தொண்டை நனையவில்லை என்று குரல் ஒப்பாரிக்கு இறங்குகிறது. இதுவரை ஆட வைத்த தாளம் பின்னால் நகர்ந்துவிடுகிறது. இழவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து உட்கார்ந்து ராகம் இழுக்கிற அதே மெட்டு, அதே ஏறி இறங்கும் பாதை. நாலே நாலு சின்ன வாக்கியம். கூலி, சுரண்டல், நிலமில்லாமை என்று எந்தப் பெரிய சொல்லும் அதில் கிடையாது. தண்ணீர் ஊற்றினவளுக்குத் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

ஆடுகிற பாட்டுக்குள் ஒப்பாரி எதற்கு, துக்கத்தை வைத்து ஆடலாமா என்று பாட்டு வந்தபோது சிலர் கேட்டார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கொடையாவது இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். முத்துப்பட்டன் கதையைப் பாடும்போது கவனித்திருக்கிறீர்களா? பாபநாசம் மலைக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் அவனுக்குச் சன்னதி இருக்கிறது. பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன், பொம்மக்கா திம்மக்கா என்று இரண்டு சக்கிலியர் பெண்களைக் கட்டிக்கொண்டு, செருப்புத் தைத்து, மாடு காத்து, அந்த மாட்டுக்காகவே செத்தவன். கல்யாணப் பகுதியைப் பாடும்போது கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும், புலவர் கேலி பேசுவார், குடம் துள்ளும். அதே கூட்டம் பட்டன் செத்துக் கிடக்கும் இடத்தில் விசும்பும். அதே வில், அதே குடம், ஆள் மாறவில்லை. எங்கள் ஊரில் வயதாகிச் செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு போகும்போது மேளத்துக்கு முன்னால் பேரன்மார் ஆடிக்கொண்டுதான் போகிறார்கள். ஆட்டத்தையும் அழுகையையும் தனித்தனிப் பெட்டியில் வைக்கிற பழக்கம் நமக்கு இல்லை. இந்தப் பாட்டு அந்த வழியில் வந்தது என்பதால்தான் பெரியம்மை எழுந்து போய்க் கேட்டாள். அவள் அதை ஒரு புதுப் பாட்டாகவே நினைக்கவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தப் பாட்டை எங்கள் ஊரில் இருந்து எடைபோட முடியாது.

பாட்டுக்கு அடியில் இருப்பது அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம். நூறு வருடத்துக்கும் மேல் நம் பக்கத்துச் சனங்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் போட வைத்தார்கள், அப்புறம் 1964-இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கே என்று கணக்குப் பிரித்தார்கள். பிறந்து வளர்ந்த மலையை விட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினவர்கள் எத்தனையோ பேர். வள்ளியம்மாளின் குடும்பம் அரக்கோணத்தில் வந்து சேர்ந்தது. அவர் சொன்ன தோட்டத்துக் கதைதான் பேரனின் இந்தப் பாட்டுக்குள் வந்திருக்கிறது.

அதே கதை எங்கள் தலைக்கு மேலே, மேற்கே, வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற மலையில் நடந்தது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் இருந்து 8,300 ஏக்கருக்கு மேல், 99 வருடக் குத்தகைக்கு ஒரு கம்பெனி எடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. மழை என்றால் அப்படி ஒரு மழை, அட்டைக் கடி, குளிர், வரிசையாகக் கட்டின லைன் வீடு. நாலு தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே செத்தது. 1999 ஜூலை 23-ஆம் தேதி கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தொழிலாளர்களை விடச் சொல்லியும் திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்ட, தாமிரபரணிக்குள் இறங்கி ஓடினவர்களில் ஒரு சின்னக் குழந்தையோடு சேர்த்து 17 பேர் செத்தார்கள். இப்போதும் ஒவ்வொரு ஜூலை 23-க்கும் கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் மலர் தூவுகிறார்கள். 2028-இல் குத்தகை முடிவதை ஒட்டி, 2024-இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்திவிட்டார்கள். பெரியம்மை அப்படி இறங்கி வந்தவள்தான். தொண்ணூறு வருடத்துக்கு மேல் செழித்த தோட்டம், அதில் ஒரு செடிகூட அவள் பெயரில் இல்லை, அவள் குடியிருந்த வீடும் அவளுடையது இல்லை.

அரக்கோணத்துப் பையன் இலங்கைத் தோட்டத்தை நினைத்துப் பாடின பாட்டு, மாஞ்சோலையில் இருந்து இறங்கினவளுக்குச் சொந்தப் பாட்டாக இருக்கிறது. ஒரு பாட்டுக்கு இதைவிடப் பெரிய மதிப்பெண் எனக்குப் போடத் தெரியாது.

வீடியோவுக்கு வருகிறேன். இங்கே எனக்கு இரண்டு மனம்.

நன்றாக இருக்கிறது என்று சொல்ல நிறைய இருக்கிறது. நிறம் அபாரம், மண்ணின் சிவப்பும் பச்சையும் சேலைகளின் நிறமும் கண்ணில் நிற்கின்றன. ஆட்கள் கூட்டமாக நின்று கேமராவை நேராகப் பார்க்கிற காட்சிகள் பிடிக்கும். நம் சினிமாவில் கறுத்த முகங்களும் சுருக்கம் விழுந்த முகங்களும் கதாநாயகனுக்குப் பின்னால் கும்பலாகத்தான் நிற்கும், இங்கே அவர்கள் முன்னால் நிற்கிறார்கள், அவர்களை அழகாகக் காட்டுவதற்காகவே வெளிச்சம் வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தையும் குறை சொல்ல மாட்டேன். சினிமா ஆட்டம் மாதிரி ஒரே அச்சில் வார்க்காமல், ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்படி விட்டிருக்கிறார்கள், கொடைக் கூட்டம் அப்படித்தான் ஆடும்.

எனக்கு ஒட்டாமல் போனது அந்த உடையும் நகையும். தலையிலும் கழுத்திலும் அவ்வளவு ஜோடனை. எந்த ஊர், எந்தச் சனம், எந்தக் காலம் என்று சொல்ல முடியாதபடி எல்லாவற்றையும் கலந்து ஒரு கனவு தேசத்து மக்கள் மாதிரி உடுத்தியிருக்கிறார்கள். மண்ணுக்கு எல்லாரும் சொந்தம் என்று காட்ட நினைத்திருக்கலாம், அந்த எண்ணம் புரிகிறது. ஆனால் பாட்டின் பலமே அது ஊதாங்கோல், மண்சட்டி என்று பெயர் சொல்வதில் இருக்கிறது. வரி ஒரு குறிப்பிட்ட அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போகும்போது படம் எங்கோ பெயர் இல்லாத ஒரு காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. தொண்டை நனையவில்லை என்ற வரிக்கு இவ்வளவு நகை எதற்கு? அந்த இடத்தில் முதுகில் கூடையும் இடுப்பில் படங்கும் கட்டின ஒரு பெண் தேயிலைச் செடிக்குள் நிற்கிற ஒரு காட்சி, ஒன்றே ஒன்று போதும், இருந்திருந்தால் வட இந்தியாவிலும் வெளிநாட்டிலும் ஆடினவர்களுக்கு எதற்கு ஆடுகிறோம் என்று தெரிந்திருக்கும். குழந்தைகள் ரீல்ஸில் குயில் கூவலை மட்டும் வெட்டி எடுத்து ஆடினார்கள், அது அவர்கள் தப்பில்லை, படம் அவர்களுக்கு ஒரு திருவிழாவைத்தான் காட்டியது.

ஒன்று மட்டும் அந்தக் குறையை எல்லாம் ஈடு செய்கிறது. வள்ளியம்மாளே வீடியோவில் வருகிறார். நடிகை யாரையாவது பாட்டியாக உட்கார வைத்திருக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் செய்வார்கள். அவரையே கொண்டுவந்து, அவ்வளவு பேருக்கும் நடுவில், ராணியை உட்கார வைக்கிற மாதிரி உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த முகத்தில் நடிப்பு கிடையாது. இது யாருடைய பாட்டு என்பது அந்த இடத்தில் சந்தேகம் இல்லாமல் தெரிந்துவிடுகிறது.

வெளியே அது அவ்வளவு சந்தேகம் இல்லாமல் போகவில்லை என்பதும் இந்தப் பாட்டின் கதையில் சேர்ந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், எழுதிப் பாடின அறிவு அந்த அட்டையில் இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் அதைப் பொதுவெளியில் கேட்டார், பலரும் கேட்டார்கள். 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் இந்தப் பாட்டை அறிவு இல்லாமல் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். மாரியம்மாளின் குரல் எனக்கு உயிர், 'கர்ணன்' படத்தில் 'கண்டா வரச் சொல்லுங்க' பாடினவர், அந்தக் குரலுக்கு எந்த மேடையும் தகும். ஆனால் பாட்டின் பேரன் மேடையில் இல்லாதது வலித்தது. அதன் பிறகு பாட்டு உருவான விதத்தில் யார் பங்கு என்ன என்று அறிவு ஒரு பக்கமும் சந்தோஷ் நாராயணனும் தீயும் ஒரு பக்கமும் வெளிப்படையாக எழுதினார்கள். அந்த அறைக்குள் நடந்தது அவர்களுக்குத்தான் தெரியும், நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கேட்கிறவனாக எனக்குக் காதில் விழுவது இது: இசை சந்தோஷுடையது, இந்தப் பாட்டை நாலு திசைக்கும் கொண்டுபோனது அந்த இசையும் தீயின் குரலும், ஆனால் உள்ளே துடிக்கிற உயிர் அந்தக் கிழவியிடம் இருந்து பேரன் வழியாக வந்தது. யாருடைய பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயரை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது.

2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இன்னொரு வீடியோ போட்டார். மூன்று வருடம் ஆகியும் இந்தப் பாட்டில் இருந்து தங்கள் யாருக்கும் எந்த வருமானமும் வரவில்லை என்று சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வரிதான். 40 கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட தோட்டம். அன்றைக்கு இரவு திரும்பவும் பாட்டைப் போட்டுக் கேட்டேன், அறிவு, தீ, சந்தோஷ் மூன்று பேரும் சேர்ந்து தங்களுக்கே பாடிக்கொண்ட மாதிரி இருந்தது. கணக்கு வழக்கு எப்படித் தீரும் என்று தெரியாது, தீர வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

கேட்காதவர்கள் யாராவது இருந்தால், நாலரை நிமிடச் சொச்சம்தான், யூடியூபில் காசு கொடுக்காமல் கேட்கலாம். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டாவது தடவை வீடியோ பாருங்கள். வரிகளை எழுத்தில் படித்துக்கொண்டு மூன்றாவது தடவை. பிடித்திருந்தால் அறிவு 2024-இல் கொண்டுவந்த 'வள்ளியம்மா பேராண்டி' தொகுப்புக்குப் போங்கள், பாட்டியின் பெயரைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறார், அங்கே இன்னும் அதிகமாகப் பேசுகிறார். பாட்டுக்கு என்னிடம் பத்துக்குப் பத்து. வீடியோவுக்கு ஏழு, வள்ளியம்மாள் வருகிற இடத்துக்காக எட்டு. கொடைக்குச் செட் கட்டுகிற தம்பிமார் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நடுவில் நிறுத்தாதீர்கள். பையன்கள் நின்றால் நிற்கட்டும், அடுத்த அடி வந்ததும் தானாக ஆடுவார்கள்.

கொடை முடிந்த மறுநாள் பெரியம்மைக்கு என் போனில் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். வாசல் திண்ணையில் உட்கார்ந்து, போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, முழுக்கப் பார்த்தாள். தீயைப் பார்த்து, "பிள்ள நல்லா இருக்கா, எவ்வளவு உருப்படி போட்டிருக்கா" என்றாள், நகையைத்தான் சொன்னாள். ஆடுகிற இடங்களில் சிரித்தாள். வள்ளியம்மாள் வந்ததும் நிறுத்தச் சொன்னாள், எனக்கு அதே இடத்தில் நிறுத்த வராமல் கொஞ்சம் முன்னே பின்னே போய் ஒருவழியாக முகம் தெரிகிறபடி நிறுத்திக் கொடுத்தேன்.

"இந்த அம்மா யாரு?"

"பாட்டு எழுதின பையனோட ஆச்சி. பேரு வள்ளியம்மாள்."

"எந்த எஸ்டேட்டு?"

"இங்க இல்ல பெரியம்மை, சிலோன்ல."

திரையைக் கையால் துடைத்துவிட்டு இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "கொழுந்து கிள்ளின கைதான்" என்றாள். "வெரல பாரு."